ஊர் பேசிற்று; ஊர் எரிந்தது!

"சேதி தெரியுமோ?"

"என்ன சேதி?"

"அந்தப் பயலுக்கு அவ்வளவு திமிராம்!"

"யார் சொன்னார்?"

"யார் சொல்லவேண்டும்? ஊரே சொல்லுகிறது!"

ஊரே சொல்லுகிறது! இந்த இரண்டு சொற்கள் போதும். சாட்சி வேண்டியதில்லை, சான்று வேண்டியதில்லை, வழக்குமன்றம் வேண்டியதில்லை. மாலையில் பேச்சாக இருப்பது இரவில் பந்தமாகிறது. விடியும்போது ஒரு சேரி சாம்பலாகிக் கிடக்கிறது. சாம்பலைக் கிளறி, "யார் முதலில் சொன்னது?" என்று கேட்டுப் பாருங்கள். ஒருவரும் இருக்கமாட்டார். ஊரே சொன்னதை ஒருவரும் சொல்லவில்லை! ஊரே செய்ததை ஒருவரும் செய்யவில்லை! வதந்திக்குத் தாயும் இல்லை, தந்தையும் இல்லை. ஆனால் அதற்குப் பலியானவனுக்குத் தாய் இருந்தாள், தந்தை இருந்தார், பிள்ளைகள் இருந்தனர்.

மேற்கே மலைத்தொடர் முகில் சூடி நிற்க, குற்றாலத்துச் சாரற்காற்று தவழ்ந்துவரும் அச்சன்புதூரில் அமர்ந்து இதனை எழுதுகிறோம். வடகரையும் பண்பொழியும் இலத்தூரும் அண்டை ஊர்கள். பள்ளிவாசலின் பாங்கும் கோயிலின் மணியோசையும் ஒரே காற்றிலே கலந்து வரும் பகுதி. அமைதியான ஊர்ப்புறம்! ஆனால் அமைதி என்பது ஒருபோதும் தீப்பிடிக்காதது என்று பொருள்படுமா? தென்பாண்டிச் சீமையின் வரலாற்றைப் புரட்டினால் ஏடுகள் சில கருகியே இருக்கின்றன. அவற்றைப் படிக்கவேண்டும். படிப்பதற்கு முன்பு, கடல்கடந்த நாட்டுக் கதை ஒன்றைக் கேளுங்கள்.

*

நமக்குத் தென்னாடு இருப்பதுபோல அமெரிக்கருக்கும் ஒரு தென்னாடு உண்டு. பருத்தி விளையும் பூமி. கறுப்பின மக்களைக் கால்நடைபோல் விற்று வாங்கிய பூமி. அந்த மண்ணில் பிறந்தவர் வில்லியம் ஃபாக்னர். பின்னாளில் 1949ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசைப் பெற்றவர். 1931இல் அவர் வெளியிட்ட சிறுகதையின் பெயர் 'வறண்ட செப்டம்பர்'.

அறுபத்திரண்டு நாட்களாக மழையில்லை. சனிக்கிழமை மாலை. முடிதிருத்தும் நிலையம் ஒன்றிலே சிலர் கூடியிருக்கின்றனர். மின்னி கூப்பர் என்ற வெள்ளைக்காரப் பெண்ணைப் பற்றியும், வில் மேயஸ் என்ற கறுப்பினக் காவலாளியைப் பற்றியும் ஏதோ பேச்சு. என்ன நடந்தது? யாருக்கும் தெரியாது. ஏதேனும் நடந்ததா? அதுவும் யாருக்கும் தெரியாது. கடையிலிருந்த முடிதிருத்துபவர் ஒருவர் மட்டும், அந்த மனிதனை நான் அறிவேன், அவன் அப்படிப்பட்டவன் அல்லன், முதலில் உண்மையைக் கண்டறியுங்கள் என்று மன்றாடுகிறார். விளைவு? நடந்ததா என்று கேட்பதே துரோகமாகிவிடுகிறது! படையில் அதிகாரியாக இருந்து திரும்பிய ஒருவன் தலைமை தாங்க, கார்கள் புறப்படுகின்றன. ஐஸ் தொழிற்சாலையில் காவல் நின்ற வில் மேயஸ் இழுத்துவரப்படுகிறான். அதன்பின் அவனை யாரும் காணவில்லை.

கொலையைக் கதாசிரியர் காட்டவே இல்லை. ஆனால் வேறொன்றைக் காட்டுகிறார். தடுப்பதற்காகவே உடன்சென்ற அந்த முடிதிருத்துபவர், இழுபறியில் விலங்கிட்ட கை தம் வாயில் பட்டதும், தாமும் அவனை அடித்துவிடுகிறார்! நல்லவர்தாம், நியாயம் கேட்டவர்தாம், ஆனால் கும்பலின் காரில் ஏறிவிட்டாரே! ஏறியபின் கையும் கும்பலின் கையாகிவிட்டது. பிறகு ஓடும் காரிலிருந்து குதித்து, தனியே நொண்டி நடந்து ஊர் திரும்புகிறார். வில் மேயஸ் திரும்பவில்லை.

இக்கதையை எழுதியவர் உள்ளம் முற்றிலும் தெளிந்துவிட்டதோ என்று கேட்பீர்கள். இல்லை என்பதுதான் வேதனை. அதே 1931இல், மெம்ஃபிஸ் நகரத்து நாளேடு ஒன்றிலே, கும்பல் கொலைக்குச் சமாதானம் கூறும் தோரணையில் இதே ஃபாக்னர் ஒரு கடிதம் எழுதினார். கதை எழுதிய கையே கடிதமும் எழுதிற்று! சாதி வெறியும் நிறவெறியும் எவ்வளவு ஆழத்தில் வேரோடியிருக்கின்றன என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு தேவையில்லை. அறிவாளியின் பேனாவும் பாதி வழியில் தடுமாறும். அதனால்தான் நம்மை நாமே ஓயாமல் சோதித்துக்கொள்ளவேண்டும் என்கிறோம்.

கதைதானே என்று தள்ளிவிட முடியாது. 1882 முதல் 1968 வரை அமெரிக்காவில் கும்பல்களால் கொல்லப்பட்டவர்கள் 4,743 பேர் என்று டஸ்கிகீ கல்விநிலையம் கணக்கெடுத்து வைத்தது. அவர்களில் 3,446 பேர் கறுப்பின மக்கள். "எங்கள் பெண்டிரின் மானத்தைக் காத்தோம்" என்றது கும்பல். அந்தப் புளுகின் முகத்திரையைக் கிழித்தவர் ஒரு கறுப்பினப் பெண்மணி: ஐடா வெல்ஸ். 1892இல் மெம்ஃபிசில் அவருடைய நண்பர் தாமஸ் மாஸும் வேறு இருவரும் கொல்லப்பட்டனர். அவர்கள் செய்த குற்றம் யாது? வெள்ளையர் கடைக்கு எதிரே மளிகைக்கடை வைத்து நன்றாக வியாபாரம் செய்தனர்! ஐடா வெல்ஸ் ஊர் ஊராகச் சென்று விசாரித்தார். மானம் என்பது வெளிப்பூச்சு, தலைநிமிர்ந்தவனை வீழ்த்துவதே நோக்கம் என்று எழுதினார். அவர் வெளியூர் சென்றிருந்த நேரம் பார்த்து, அவருடைய பத்திரிகை அலுவலகத்தை அடித்து நொறுக்கினர்.

தலைநிமிர்ந்தவனை வீழ்த்துவது! தோழர்களே, இந்தச் சொற்றொடரை நினைவில் நிறுத்திக்கொள்ளுங்கள். இனி நம் நாட்டுக்கு வருவோம்.

*

ஐடா வெல்ஸ் எழுதிக்கொண்டிருந்த அதே காலம். திருநெல்வேலிச் சீமையிலும் ஒரு சமுதாயம் தலைநிமிர்ந்துகொண்டிருந்தது. பனையேறிப் பிழைத்தவர்கள் என்று பழிக்கப்பட்டவர்கள். 'சாணார்' என்று அரசாங்க ஏடுகளிலும் இழித்து எழுதப்பட்டவர்கள். கோயிலுக்குள் நுழையக்கூடாது, பொதுத் தெருவில் ஊர்வலம் கூடாது என்று தடுக்கப்பட்டவர்கள். அப்பால் திருவிதாங்கூரிலோ, அச்சமுதாயப் பெண்டிர் மார்பை மறைக்க மேலாடை அணிந்ததற்காகவே கலகங்கள் நடந்தன. 1859இல்தான் அந்த உரிமைக்கு அரசாணை பிறந்தது. அதிலும் ஆயிரம் நிபந்தனைகள்! அந்தத் திருவிதாங்கூர் எங்கோ தொலைவில் இருந்ததென்று எண்ணவேண்டாம். நமக்குப் பக்கத்திலிருக்கும் செங்கோட்டை அன்று அந்த அரசின் எல்லைக்குள்தான் இருந்தது.

இந்த மக்கள் என்ன செய்தனர்? அழுதுகொண்டிருக்கவில்லை. மாட்டுவண்டியில் சரக்கேற்றினர், பேட்டைகள் அமைத்தனர், சிவகாசியிலும் விருதுபட்டியிலும் அருப்புக்கோட்டையிலும் வணிகத்தை வளர்த்தனர். வருமானத்தில் ஒரு பங்கை 'மகமை' என்று ஒதுக்கிப் பொதுநிதி சேர்த்தனர். 1889இல் விருதுபட்டியில் சத்திரிய வித்தியாசாலை என்ற பள்ளியைத் திறந்தனர். கையில் பணம், கண்ணில் எழுத்து, நெஞ்சில் மானம்! இம்மூன்றும் சேர்ந்தபின் கோயில் வாசலில் நின்று, "எமக்கு ஏன் தடை?" என்று கேட்காமல் இருப்பார்களா?

கேட்டனர். 1895இல் கழுகுமலையிலே தேரோடும் வீதியில் ஊர்வலம் பற்றிய பூசல் இரத்தத்தில் முடிந்தது. 1897 மே 14 அன்று கமுதியில் நாடார்கள் சிலர் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் சென்று வழிபட்டனர். ஆண்டவன் முன்னிலையில் விழுந்து வணங்கினர், வேறொன்றும் செய்யவில்லை. ஆனால் ஆண்டவன் தீட்டுப்பட்டுவிட்டானாம்! கோயிலின் பரம்பரை அறங்காவலரான இராமநாதபுரம் சேதுபதி வழக்குத் தொடுத்தார்.

வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே ஊர் பேச ஆரம்பித்தது. "இன்று கமுதி, நாளை சிவகாசி, மறுநாள் நம் ஊர்க் கோயில்! அடக்காவிட்டால் தலைக்குமேல் ஏறிவிடுவார்கள்!" இத்தகைய பேச்சுக்குச் சான்று எதற்கு? அச்சமே சான்று, ஆத்திரமே தீர்ப்பு. 1899 ஜூன் 6 அன்று ஆயிரக்கணக்கானோர் ஆயுதங்களோடு சிவகாசியைச் சூழ்ந்தனர். வீடுகள் எரிந்தன, கடைகள் சூறையாடப்பட்டன, உயிர்கள் மாய்ந்தன. 'சிவகாசிக் கொள்ளை' என்று இன்றும் முதியோர் வாய்வழியே வழங்கும் கொடுமை அது. அத்தோடு நிற்கவில்லை. திருநெல்வேலி, மதுரை மாவட்டங்களின் சிற்றூர்களில் தீ தாவிற்று. அரசாங்கக் கணக்கைப் பாருங்கள்: கொலைகள் 23, கொள்ளைகள் 102, கைதானோர் 1,958 பேர், தண்டனை பெற்றோர் 552 பேர், தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டோர் 7 பேர்.

ஒரு வேடிக்கையையும் எட்கார் தர்ஸ்டன் தொகுத்த குலங்கள் பற்றிய பெருநூல் குறித்து வைத்திருக்கிறது. கலகத் தலைவர்களில் ஒருவர் விரைந்து ரயிலேறிச் சென்னைக்குச் சென்றாராம். எதற்கு? அருங்காட்சியகத்துக்குச் சென்று பார்வையாளர் ஏட்டிலே கையெழுத்துப் போட! "நான் ஊரிலேயே இல்லை, சென்னையில் பொம்மை பார்த்துக்கொண்டிருந்தேன்" என்று சொல்லித் தப்ப! ஊரை எரிக்கும்போது பெயர் இல்லை. தப்பிக்கும்போது மட்டும் பெயரும் ஒப்பமும் வந்துவிட்டன. கும்பலின் வீரம் இவ்வளவுதான்.

அதே நூல் இன்னொன்றும் கூறுகிறது. அந்தக் கலவரத்தின்போது நாடார்களில் சிலர் தாடி வளர்த்து, தலைமழித்து, இசுலாத்தில் சேர்ந்தனராம். "எங்கள் மதம்" என்று சொல்லிக் கோயிலுக்குள் நுழைந்தவனைத் தள்ளியவர்கள், அவன் வேறு மதத்துக்குப் போனதும் என்ன சொன்னார்கள் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

கமுதித் தீர்ப்பு வந்தது, சிவகாசி எரிந்த ஏழாம் வாரத்தில்! 1899 ஜூலை 20. நாடார்கள் நுழையக்கூடாது, கோயிலைத் தூய்மை செய்ய 500 ரூபாய் கொடுக்கவேண்டும் என்றது மன்றம். 1901இல் உயர்நீதிமன்றம் ஆமாம் என்றது; 1908இல் இலண்டன் பிரிவிக் கவுன்சிலும் ஆமாம் என்றது. கும்பல் தீவட்டியால் எழுதியதை மன்றங்கள் மையால் எழுதின! ஆனால் வரலாறு மன்றத்தோடு நிற்பதில்லை. 1921இல் அரசாங்க ஏட்டில் 'நாடார்' என்ற பெயர் ஏறிற்று. 1929இல் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநில மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியன். எந்தக் குலத்தைக் கோயில் வாசலில் நிறுத்தினார்களோ, அந்தக் குலத்தில் வந்தவர்! 1939இல் மதுரை மீனாட்சி கோயிலின் கதவே திறந்தது.

*

மகிழ்ச்சி! ஆனால் கதை இங்கே முடிந்துவிட்டதென்று கைதட்டிக் கலைந்துவிடலாமா? கூடாது. சாதி என்பது ஏணி. ஒருவன் ஒரு படி ஏறினால், கீழ்ப்படியில் இருப்பவன் கையை மிதிக்கும் ஆசையும் கூடவே ஏறுகிறது. "எம்மை ஏன் தாழ்த்தினாய்?" என்று மேலே பார்த்துக் கேட்டவரில் பலர், கீழே நின்ற ஆதிதிராவிடர் கேட்ட அதே கேள்விக்குச் செவிகொடுக்கவில்லை. இதைச் சொன்னால் சிலருக்குக் கசக்கும். கசக்கட்டும், மருந்து அப்படித்தான். அடிபட்டவன் பேரன் அடிக்கும் கூட்டத்தில் நிற்பதைக் கண்டும் வாய்மூடி இருப்பதற்கா பகுத்தறிவு?

இப்போது நம் கண்ணெதிரே இருக்கும் ஊருக்கு வாருங்கள். பண்பொழிக்கு அருகே மீனாட்சிபுரம். 1981 பிப்ரவரி 19 அன்று அவ்வூரின் தாழ்த்தப்பட்ட குடும்பங்களில் ஏறத்தாழ 180, இசுலாத்தில் சேர்ந்தன. ஊருக்கு ரகுமத் நகர் என்றும் பெயர் வந்தது. டில்லி அதிர்ந்தது! நாடாளுமன்றம் பேசிற்று! தலைவர்கள் வரிசை வரிசையாக வந்தனர்! அதுவரை அந்த ஊர் இருப்பதே தெரியாதவர்கள் எல்லாம் அதற்கு வழி கேட்டனர்.

வதந்தியும் வந்தது. "அரபு நாட்டு எண்ணெய்ப் பணம்! தலைக்கு இவ்வளவு ரூபாய்!" பத்திரிகைகளில் அச்சேறிற்று, மேடைகளில் முழங்கிற்று. ஊரார் சொன்னதென்ன? தேநீர்க்கடையில் மதிப்பில்லை; சாதிப் பெயர் சொல்லி அழைக்கும் இழிவு; அக்கம்பக்கத்தில் நடந்த கொலை வழக்கையொட்டிக் காவல்துறையின் கெடுபிடி; படித்து உத்தியோகம் பெற்றாலும் தீராத பழி. அவ்வூரில் படித்தவர்கள் இருந்தனர், ஆலோசித்தனர், முடிவெடுத்தனர். ஆனால் நாடு அதை நம்ப மறுத்தது. ஏன்? சேரியில் இருப்பவன் சிந்திப்பான் என்று ஒப்புக்கொண்டால், அவனைச் சேரியில் வைத்ததற்குப் பதில் சொல்லவேண்டுமே! பணம் வாங்கினான் என்றால் பதில் வேண்டாம். வதந்தி இங்கே வீட்டை எரிக்கவில்லை. ஒரு மக்கள் கூட்டத்தின் அறிவை எரித்தது. 1899இல் கோயிலுக்குள் வராதே என்றனர். 1981இல் மதத்தை விட்டுப் போகாதே என்றனர். உள்ளேயும் விடவில்லை, வெளியேயும் விடவில்லை. வாசற்படியிலேயே கிட என்பதுதானே இதன் பொருள்?

மதம் மாறுவதால் இழிவு முற்றிலும் தீர்ந்துவிடும் என்று கூற நாம் வரவில்லை. ஒரு மதத்தை விட்டு இன்னொரு மதம் என்பது பகுத்தறிவாளருக்கு முடிவான விடையும் அன்று. ஆனால், மானத்தைத் தேடிப் புறப்பட்டவனைப் பணத்தைத் தேடிப் போனவன் என்று ஏசுவது அயோக்கியத்தனம் என்று சொல்லும் கடமை நமக்கு உண்டு.

பிறகும் பாருங்கள். 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியங்குளம். வெளிநாட்டு வருவாயால் ஓரளவு வசதி பெற்றிருந்த தாழ்த்தப்பட்ட மக்களின் ஊர். அங்கே புகுந்து வீட்டுப் பொருள்களை அடித்து நொறுக்கியவர்கள் காக்கி அணிந்தவர்கள்! சட்டமே கும்பலாக வந்தது. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரியிலே நத்தம் காலனியும் அடுத்த இரு குடியிருப்புகளும் எரிந்தன. 200க்கும் மேற்பட்ட வீடுகள். காரணம் ஒரு காதல் திருமணம். "ஜீன்ஸ் அணிந்து, கண்ணாடி மாட்டி, நம் பெண்களை மயக்குகிறார்கள்" என்று வதந்தி நெடுநாள் உலவிற்று. மின்னி கூப்பர் பெயரைச் சொல்லிக் கார் ஏறியவர்கள் பேசிய பேச்சன்றோ இது! மொழி வேறு, நிறம் வேறு, நோய் ஒன்று.

அந்தத் தீ எரிவதற்கு இரண்டு மாதங்கள் முன்பு, 2012 செப்டம்பரில், இமையம் எழுதிய 'பெத்தவன்' என்ற நெடுங்கதை வெளிவந்தது. தாழ்த்தப்பட்ட இளைஞனை விரும்பிய பெண்ணை அவளுடைய தந்தையே கொல்லவேண்டும் என்று ஊர் கூடித் தீர்ப்பளிக்கிறது. தந்தை மகளை வாழ அனுப்பிவிட்டுத் தன் உயிரைக் கொடுக்கிறார். கதைக்குப்பின் நடந்ததைப் பார்த்தவர்கள் திடுக்கிட்டனர். பூமணி 'அஞ்ஞாடி' நாவலில் கழுகுமலையையும் சிவகாசியையும் எழுதினார். 2014இல் அதற்குச் சாகித்திய அக்காதெமி விருது கிடைத்தது. எரிந்த ஊரின் கணக்கை அரசாங்க ஏடு எண்ணாக எழுதும். அந்த எண்ணுக்கு முகம் தருவது இலக்கியம். நூல்நிலையத்தில் இவை இருக்கின்றன. படித்தீர்களா?

*

"அதெல்லாம் பழங்கதை, இப்போது யார் வதந்தியை நம்புகிறார்?" என்பீரானால், 2018 மே மாதத்தைப் பாருங்கள். திருவண்ணாமலை மாவட்டத்திலே குலதெய்வக் கோயிலைத் தேடி வந்த குடும்பத்தார், வழியில் கண்ட குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தனர். "பிள்ளை பிடிக்கிறவர்கள்!" என்று கைபேசி வழியே பரவியிருந்த புரளி ஒரு கும்பலைத் திரட்டிற்று. அறுபத்தைந்து வயது மூதாட்டி அடித்தே கொல்லப்பட்டார். மிட்டாய் கொடுத்த கைக்கு மரண தண்டனை! அன்று வதந்தி மாட்டுவண்டியில் சென்றது. இன்று மின்னலில் செல்கிறது. வண்டி மாறிற்று, சரக்கு மாறவில்லை.

எனவே, நாம் என்ன செய்வது? ஃபாக்னரின் கதை நடந்தது முடிதிருத்தும் நிலையத்தில் என்றோமே, அதை மீண்டும் எண்ணிப்பாருங்கள். தமிழ்நாட்டிலும் முடிதிருத்தும் நிலையங்கள் இருந்தன; தேநீர்க்கடைகள் இருந்தன. அங்கே என்ன நடந்தது? ஒருவர் ஏடு எடுத்து உரக்கப் படித்தார், பத்துப்பேர் கேட்டனர், இருவர் மறுத்தனர், மூவர் வாதாடினர். எழுதப்படிக்கத் தெரியாத உழைப்பாளிகளுக்கு அவை பல்கலைக்கழகமாயின. பெஞ்சு அதே பெஞ்சுதான். அதில் அமர்ந்து "ஊரே சொல்லுகிறது" என்றால் அது வதந்தியின் தொட்டில், "யார் சொன்னார், எப்படித் தெரியும்?" என்றால் அதுவே அறிவின் பள்ளி.

இளைஞர்களே! அடுத்த முறை உங்கள் காதில் ஒரு சேதி விழும். விழாமல் இராது. அப்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். கண்ணால் கண்டவர் யார்? இதை நம்பினால் யாருக்கு இலாபம்? இதனால் எரியப்போவது யாருடைய வீடு? மூன்றாவது கேள்விக்கு விடை எப்போதும் ஒரே தெருவைக் காட்டுமானால், முதல் கேள்விக்கு விடை தேடவே வேண்டாம், அது புளுகு.

கேட்டுவிட்டு, துணிந்து நில்லுங்கள். தடுக்கலாமே என்று எண்ணிக் கும்பலின் காரில் ஏறிவிடாதீர்கள். ஏறியவர் கையும் அடித்தது. பிறகு குதித்தும் பயனில்லை. கார் புறப்படுமுன், அதன் முன்னே நில்லுங்கள். உங்கள் சாதிக்காரர் கூட்டமாக இருந்தால், இன்னும் முன்னே போய் நில்லுங்கள். பிறர் வெறியை எதிர்ப்பது எளிது. தன் வீட்டு வெறியை எதிர்ப்பவனே பகுத்தறிவாளன்.

ஊர் பேசட்டும். ஊர் பேசும்போது, "இல்லை" என்று உரத்துச் சொல்ல ஒரு வாய் அங்கே இருக்கவேண்டும். அந்த வாய் உங்களுடையதாக இருக்கட்டும்!